அறுபது நோன்பின் காரணம்

786

இராஜபாளையம்
1924 ஜூன் 22, ஞாயிறு

பினாங்கில் இருக்கும் அருமை மகன் கமாலுதீனுக்கு உன் அத்தா மீராகனி எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் காவலில் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். உன் தங்கை ஜொகராவுக்குச் சித்திரையில் ஆண் குழந்தை பிறந்து தாயும் பிள்ளையும் சுகம், பிள்ளைக்கு உன் மூக்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். மலையில் சாரல் இன்னும் இறங்கவில்லை, கிணற்றில் ஒரு முழம் தண்ணீர்தான் கிடக்கிறது. நீ போய் ஆறு வருஷத்தில் அம்மாவுக்கு எத்தனையோ கடிதம் எழுதினாய், அதன் கடைசியில் அத்தாவுக்கு சலாம் என்று ஒரே ஒரு வார்த்தை இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கும் நான் தகுதியில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் முழுவதும் வாசித்துவிடு.

போன ரமலானில் பத்தொன்பதாம் நோன்பன்று ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டுக்குப் போயிருந்தேன், நம் புஞ்சைக்கு அடுத்த புஞ்சைக்காரர் கண்ணுச்சாமியின் வரப்புத் தகராறில் நான் சாட்சி. கண்ட உண்மையைத்தான் சொன்னேன். அப்போது அவருடைய வக்கீல் எழுந்து, நோன்பு வாயோடு நிற்கிற மனிதர் பொய் சொல்வாரா என்று கேட்டார், சபையே என்னைப் பார்த்தது, எனக்கு ஒரு சாண் உயர்ந்தாற்போல இருந்தது. அந்த நினைப்போடு வெளியே வந்தவன் வண்டிக்குப் போகாமல் தேரடிப் பக்கம் நடந்தேன். அங்கே ஆவுடையம்மாள் என்ற அம்மாள் பால் வற்றக் காய்ச்சித் திரட்டுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். தாகம் இருந்தது, தாங்க முடியாத தாகமில்லை, பசி பெரிதாக இல்லை. அந்த வாசனை மட்டும்தான். ஜொகராவுக்கு வாங்கலாமே என்று மனசு சொன்னது, வாங்கினேன். இலைப் பொட்டணம் கையில் சுட்டது. கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் என்ன என்று பிறகு சொன்னது. பெரிய தேரின் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மறைவாகக் குந்தி, தொப்பியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, அம்புட்டையும் தின்றேன் மகனே. கடைசி வாயில் விக்கல் எடுத்துவிட்டது. நிமிர்ந்தால் அந்த அம்மாள் செம்புத் தண்ணீரோடு நிற்கிறாள். குடிங்க சாயபு, செத்த நேரம் நெஞ்சைத் தடவிவிடுங்க, நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் என்றாள். எனக்கும் அவளுக்கும் முன்பின் பழக்கமில்லை. அவளுக்கு என் மார்க்கத்துச் சட்டமும் தெரியாது. வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, இந்த வெயில்ல கோர்ட்டு ஏறி நோம்போட வந்திருக்காக என்று விசிறினாள். பாங்கு சொன்னதும் எல்லாரோடும் உட்கார்ந்து நானும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன். அது பொய்யிலும் பொய். மறுநாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தனியாகச் சொன்னேன். விட்ட அந்த ஒரு நோன்பை வேறொரு நாளில் பிடித்துக் களாச் செய்து, அதுபோக அறுபது நோன்பு இடைவிடாமல் பிடிக்க வேண்டும், ஒன்று விட்டாலும் முதலிலிருந்து என்றார். பெருநாள் முடிந்த மறுநாளே தொடங்கினேன், இன்றைக்கு நாற்பத்தேழு. முதல் ஆறு நாள், பெருநாளுக்குப் பின் விரும்பியவர்கள் பிடிக்கிற ஷவ்வால் நோன்பு என்று எவரும் கேட்கவில்லை. அதற்குமேல் ஊர் என்னை மகானாக, அவுலியாவாக ஆக்கிவிட்டது. தொழுகையில் முதல் வரிசையில் இடம் விட்டார்கள், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லி எல்லார் முன்னிலும், மீராகனி ராவுத்தரைப் பார்த்துப் படியுங்கள் என்றார். எனக்கு அது இனித்தது. தின்ற குற்றத்துக்குப் பிடிக்கிற நோன்பை வைத்தே என் நப்ஸு, ஆசை பிடித்த இந்த மனசு, இன்னொரு விருந்து சாப்பிட்டது. வெட்கம் தாங்காமல் திரும்பவும் ஹஜ்ரத்திடம் போய், அடுத்த ஜும்ஆவில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதற்கும் உங்களைப் புகழ்வார்கள், ஆண்டவன் மூடிய திரையை நீங்கள் கிழிக்க வேண்டாம், இந்தக் காரியத்தில் நீங்கள் அநியாயம் செய்த ஆள் யாராவது இருந்தால் அவரிடம் மட்டும் சொல்லுங்கள் என்றார். வீடு வந்து சேரும்வரை எனக்கு உன் முகம்தான்.

பத்தொன்பது வயதில், ஆனி வெயிலில், நோன்பு வாயோடு காலையிலிருந்து பஞ்சுப் பொதி ஏற்றிவிட்டு நீ ஒரு கலயம் மோர் குடித்தாய். தராசுக்காரன் சொல்லக் கேட்டு, உன்னைப் பள்ளிவாசல் முற்றத்துக்கு இழுத்துப்போய் ஜமாஅத் பார்க்கச் செருப்பால் அடித்தேன். மார்க்கத்துக்காக அடித்தேன் என்றுதான் இத்தனை காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை, மீராகனி மகன் நோன்பை முறித்தான் என்று ஊர் பேசுமே என்பதற்காக அடித்தேன். நீ குடித்தது தாகத்துக்கு, நான் தின்றது ஆசைக்கு. என் குற்றத்துக்கு ஒரு வேற்றுப் பெண்பிள்ளை செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், உன் குற்றத்துக்குப் பெற்றவன் செருப்பை எடுத்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன், மன்னிக்க முடியாவிட்டாலும் அது உன் நியாயம்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள், அழவில்லை. அன்னைக்கு நீங்க அடிக்கப் போறப்ப நான் உங்க கையப் புடிச்சேன், தட்டிவிட்டுட்டுப் போனிய, ஆறு வருசமா அத நான் யார்ட்டயும் சொல்லல என்றாள். பிறகு முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே, அவன வரச் சொல்லி எழுதாதிய, வருவியான்னு கேட்டு எழுதுங்க என்றாள்.

ஐந்து வேளைத் தொழுகையிலும் உனக்காக துஆச் செய்கிறோம், ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தருவானாக. கப்பலில் குளிர் காற்று அடிக்கும் என்கிறார்கள், எப்போது பயணப்பட்டாலும் கம்பளி எடுத்துக்கொள். உன் அம்மா சொன்னபடியே கேட்கிறேன், வருவியா மகனே.

உன் அத்தா,
மீ. மீராகனி