தை முடிவதற்குள்

ஜனவரி 27, 2003, திங்கள்
வங்கியிலிருந்து வருவதற்குள் முட்டி வீங்கிவிட்டது. போபோடி லெவல் கிராஸிங் கேட்டில் ரயிலுக்காக அரை மணி நின்றேன். என் பெண் ராஜஸ்ரீயின் சீமந்தத்துக்கு வாத்யார் பிப்ரவரி 10 என்று நாள் குறித்திருக்கிறார். விட்டால் மாசி பிறந்து ஒன்பதாம் மாதம் வந்துவிடும். வளைகாப்பு மட்டும் என்றால் பெண்கள் நாங்களே வளையல் அடுக்கிவிடலாம். சீமந்தத்துக்குப் புருஷன் வந்தாக வேண்டும். மாப்பிள்ளை ஹரீஷ் காஷ்மீரில் ஏதோ மலை உச்சியில். பட்டாளத்தில் லீவு கொடுத்தாயிற்று. இறங்கி வரவேண்டியதுதான் பாக்கி.

பிப்ரவரி 2, ஞாயிறு
மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. "மூணு நாளா பனி கொட்டறதும்மா. காத்து ஆளையே தள்றது." எனக்கு இங்கே சமையல்காரர் கவலை.

பிப்ரவரி 3
நூறு இலைக்குச் சொல்லியாயிற்று. அலுப்பு.

பிப்ரவரி 5, புதன்
பனி நின்றுவிட்டதாம். "வெயில் அடிக்கறதுன்னு டிவியில சொன்னானே, கிளம்புங்கோ மாப்பிள்ளை" என்றேன்.

"இப்பத்தாம்மா பயம் ஜாஸ்தி. காத்து அத்தனை பனியையும் எங்க பாதைக்கு மேல சரிவுல குவிச்சு வெச்சிருக்கு. எப்ப வேணா சரியும். ரெண்டு நாள் யாரும் நடக்கப்படாதுன்னு உத்தரவு."

"புருஷன் இல்லாம சீமந்தமா? இஷ்டமில்லேன்னா சொல்லிடுங்கோ."

"கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ? நானும்தான் எத்தனை என்று தாங்குவேன்.

பிப்ரவரி 8, சனி
வந்துவிட்டார்! முகம் கருத்து, உதடெல்லாம் வெடிப்பு. மேலதிகாரியைக் கெஞ்சி, வியாழன் விடியுமுன் இறங்கினாராம். இங்கே புனேக்குப் பக்கம் சாதாராக்காரர், தானாஜி என்ற சிப்பாய் ரோடு வரை கொண்டுவந்து விட்டாராம். தன் அம்மாவுக்கு 'சௌக்கியம்' என்று போன் செய்யச் சொன்னாராம். மாப்பிள்ளைக்கு மராத்தி வராது. நானே அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பருக்குப் பேசினேன். பையன் நன்றாக இருக்கிறான் என்றதும் அந்த அம்மாள் என்னை வாழ்த்தினாள்.

பிப்ரவரி 10, திங்கள்
சீமந்தம் நல்லபடியாக ஆனது. பந்தி நடக்கும்போது மாப்பிள்ளைக்குப் போன். ரோட்டிலிருந்து திரும்பி ஏறும்போது பனி சரிந்து மேலே விழுந்திருக்கிறது. தானாஜி. வியாழன் மத்தியானமே. இன்றுதான் உடலை எடுத்தார்களாம்.

நான் சனிக்கிழமை சௌக்கியம் என்று சொன்னேனே.

பிப்ரவரி 11
ராஜஸ்ரீயிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைக்கப்படாதோ!

பிப்ரவரி 16, ஞாயிறு
நானும் மாப்பிள்ளையும் ஸ்வார்கேட்டில் பஸ் பிடித்து சாதாரா போனோம். அந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். என் குரல் அவளுக்குத் தெரிந்துவிட்டது. டீ கொடுத்தாள். பிறகு மராத்தியில் கேட்டாள்: "அன்னிக்கே இறங்கணும்னு அப்படி என்ன அவசரம்?"

புரியாமல் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். புனேயில் முப்பது வருஷம். சீமந்தத்துக்கு இவர்கள் சொல்லும் 'டோஹாளே ஜேவண்'கூட எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் எத்தனைக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன்.

"டியூட்டி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாள்.