அத்தானின் இரண்டாவது காஸ்கெற்

சத்தத்தை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வீட்டுக்கு வந்துசேரும் என் அன்பு அத்தானுக்கு,

உங்கள் பழைய மோட்டார் சைக்கிளை நான் வாங்கிவிட்டேன். கிண்ணியாவில் ஒரு இரும்புக் கடை வாசலில், சீற்றின் மேல் கோழி படுத்திருக்கக் கண்டேன். நீங்கள் காலமான பிறகு அக்கா அதை விற்றது தெரியும். ஏன் விற்றாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் ஓட வைத்து, உங்கள் உப்புவெளி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன்.

துறைமுக வீதிக் கராஜில் விட்டேன். கராஜ்கார நானா கார்பரேற்றரைக் கழுவி, பிளக் மாற்றி, உப்புக்காற்று தின்ற வயர்களைப் புதிதாக இழுத்தார். கடைசியில் எஞ்சின் தலையைக் கழற்றியவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, தலைக்குக் கீழ ஒரு காஸ்கெற் தகடு இருக்கிற இடத்தில ரெண்டு கிடக்கு. சண்டைக் காலத்தில மண்ணெண்ணெயில ஓடப் போட்டது. இன்னும் எடுக்காம ஓடியிருக்கார் மனுசன்!"

பெற்றோல் கிடைக்காத அந்தக் காலம் போய் எத்தனை வருடம்! சோம்பலா அத்தான்? இல்லை, அந்தக் காலம் திரும்பி வரும் என்ற பயமா?

நானா ஒன்றை எடுத்ததும் பைக் அலுங்காமல் ஓடியது. எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் "பொக்... பொக்கடக்" எங்கே? திருப்பிப் போடச் சொன்னேன். ஒழுங்காக ஓடுவதைக் கெஞ்சிக் கேட்டுப் பழுதாக்குகிற ஆளை இப்போதுதான் காண்கிறேன் என்று முணுமுணுத்தபடி போட்டார்.

பின்னேரம், நீங்கள் துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிற நேரமாகப் பார்த்துப் போனேன். அதையும் வேண்டுமென்றேதான் செய்தேன். ஒழுங்கையில் திரும்பும்போதே கேற் திறந்தது. ஒரு கையில் மாவு ஒட்டியிருக்க, மற்றக் கையால் கேற்றைப் பிடித்தபடி, பைக் உள்ளே வர வழிவிட்டு அக்கா ஒதுங்கி நின்றாள். முகத்தில் நீங்கள் தினமும் பார்த்த சிரிப்பு. பிறகு என்னைக் கண்டாள்.

அந்தச் சிரிப்பு போன விதத்தை உங்களுக்கு எழுத எனக்குத் தைரியமில்லை.

"நீயே?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் சொன்னாள். "அவருக்குப் பிறகு மகள் இதிலைதான் வேலைக்குப் போய் வந்தவள். சத்தம் கேட்டவுடனே நான் கேற்றடிக்கு ஓடிவிடுவன். அவரில்லை எண்டு தெரியும், எண்டாலும் கால் கேக்காது. அதுக்காகத்தான்டா வித்தனான்."

"எனக்குத் தெரியாதக்கா. நான் இதைத் திருப்பிக் குடுத்துவிடுறன்."

"வேண்டாம். இதிலையே வா. ஆனா அந்தச் சத்தத்தோட வராதை."

நேற்று அந்தக் காஸ்கெற்றை எடுப்பித்துவிட்டேன், அத்தான். முதலில் அக்காவுக்குப் பிழை செய்தேன். இப்போது உங்கள் சத்தத்தை என் கையாலேயே நிறுத்திவிட்டேன். குற்றம் செய்தவன் மாதிரியே திரிகிறேன். நீங்கள் இருந்தால் யார் பக்கம் கதைத்திருப்பீர்கள்? அக்கா பக்கம்தான், இல்லையா?

பைக் இப்போது நன்றாக ஓடுகிறது, ரோட்டில் போகிற மற்ற எல்லாப் பைக்கையும் போல. இன்று பின்னேரம் போனபோது கேற் சாத்தியே கிடந்தது. நானே திறந்து உள்ளே உருட்டினேன். குசினி அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஆரது?"

அந்தச் சத்தத்தைக் காட்டி இனி ஒருநாளும் அவளை வாசலுக்கு இழுக்க மாட்டேன், அத்தான். காஸ்கெற்றை எறியவும் மாட்டேன். அது என் அலுமாரியில் இருக்கும்.

கேற்றைத் தானே திறந்துகொள்ளும்
உங்கள் மச்சான்,
சுதன்