நின்ற கால்

அன்பு மகளுக்கு,

இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும்.

பிரசவத்துக்கு வருவாயா மாட்டாயா என்று போனில் கேட்டாய். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் இல்லையம்மா, குழப்பம். உன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, நாற்பத்தெட்டுப் படி. மூட்டு தேய்ந்திருக்கு, காலை அசைக்காதே என்கிறாய் நீ. அசைக்காமல் வைத்தால்தான் இன்னும் மோசமாகும் என்கிறாள் பிசியோதெரபி பெண். பயிற்சியில் கொஞ்சம் வலித்தால் பரவாயில்லையாம், மறுநாளும் வலி இருந்தால் பயிற்சியைக் குறைக்க வேண்டுமாம். வலித்தால் நிறுத்து என்றுதான் ஐம்பத்தாறு வருஷம் நினைத்திருந்தேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு? தெரியவில்லை.

இன்னொன்று. சிரிக்காதே. அவள் ஒரு படம் போட்ட தாள் கொடுத்தாள். ஒருத்தி நம்மைப் பார்த்து நின்று, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வலது காலைப் பக்கவாட்டில் தூக்குகிறாள். அதை அலமாரிக் கதவில் ஒட்டி எதிரே நின்று செய்தேன். கண்ணாடியில் பார்ப்பது போல. ஐந்து வாரமாக இடது காலைத்தான் தூக்கியிருக்கிறேன். நேற்று அவள் முன்னால் செய்து காட்டியபோதுதான் தெரிந்தது. அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமா ஊரார் பிழையெல்லாம் திருத்துறே, உன் கால் எதுன்னு தெரியலையே என்றார். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் முன்பு நான்கு படியில் நின்றுவிடும் நான் இப்போது ஒரே மூச்சில் பதினெட்டு ஏறுகிறேன். தப்பாகச் செய்தது எப்படிப் பலித்தது? அந்தப் பெண்ணிடமே கேட்டேன். நீங்க தூக்கினது நல்ல கால், அத்தனை நேரமும் உடம்பைத் தாங்கி நின்னது வலிக்கிற கால்தானே, அதுவும் வேலை செஞ்சிருக்கு, இனி ரெண்டுக்கும் செய்யுங்க என்றாள். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா நிற்பதாக நினைத்த கால்.

முழுசாகத் தெளிந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்று காலையும் வலித்தது. கொஞ்சமா என்று யோசிப்பதற்குள் போய்விட்டது. டிக்கெட் எடுத்துவிடு. வருகிறேன். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து ஏறினால் போகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. கனமாக எதையும் தூக்காதே. மூவரும் நிறைவாக இருங்கள்.

மறக்காமல் எழுது: உங்கள் மாடிப்படியில் கைப்பிடி எந்தப் பக்கம்? கீழே நின்று, மேலே பார்த்துச் சொல். படம் மட்டும் அனுப்பாதே.

இப்படிக்கு,
இரண்டு காலிலும் நிற்கப் பழகும்
உன் அம்மா