சைக்கிளைத் தூக்கும் கை

இன்று காலை விழுப்புரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். ஜன்னலைத் திறந்து வைத்தும் அந்த வாடை போகவில்லை. என் கால்மாட்டில் உங்கள் சைக்கிள் இரண்டாக மடிந்து கிடந்தது. அதைப் பார்த்தேன். அதற்கு மேல் உங்களோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

தளவானூருக்குப் பிரியும் இடத்தில் பஸ் இறக்கிவிட்டால் பள்ளிக்கூடம் இன்னும் உள்ளே இருக்கிறது. ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் நகராது. தினமும் தாமதம், தினமும் ஹெட்மாஸ்டரிடம் தலைகுனிவு. அதற்கு மருந்தாகத்தான் இந்த மடக்கு சைக்கிளை வாங்கினீர்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்து, கூடத்திலேயே விரித்து, ஏறி உட்கார்ந்தீர்கள். ஆறடி ஆளுக்குச் சாண் உயரச் சக்கரம். அப்போது நம் பெண் சின்னவள். “நைனா, எறங்கு, அது பாவம்!” என்று கத்தினாள். நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

பஸ்ஸில் கிரீஸ் ஒட்டுகிறது என்று யாரோ முறைத்ததால், என் பழைய பச்சைப் புடவையில் அதற்கு உறை தைத்துக் கொடுத்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, “இன்னா சார் மூட்டை இது?” என்றாராம். சைக்கிள் என்றதும், “பஸ்ல சைக்கிள ஏத்தறதுக்குச் சைக்கிள்லயே போயிடலாமே!” என்று சொல்லி, லக்கேஜ் டிக்கெட்டும் போட்டுவிட்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அரை சிப்பம் அரிசி கனம் இருக்கும் அந்த உறையை இடது கையில் தூக்கிக்கொண்டு, வலது கையால் பஸ் கம்பியைப் பிடித்து ஏறுவீர்கள். எத்தனை வருஷமானாலும் அதே கைதான்.

அந்தக் கைதான் வலிக்க ஆரம்பித்தது. தோளிலிருந்து முழங்கை வரை. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தைலத்தை நீட்டுவீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டால், “வண்டி தூக்கற கை ஆச்சேமே, வலிக்காம இன்னா பண்ணும்? ராஜகிரிக் கோட்டைய ஒரே மூச்சுல ஏறுன ஒடம்பு இது” என்பீர்கள். சரியாகத்தானே இருந்தது கணக்கு? தூக்குகிற கை, அதனால் வலிக்கிறது. உங்களுக்கும் அது போதுமாக இருந்தது, எனக்கும் போதுமாக இருந்தது. ஒரு வாரம் தேய்த்தேன். என் உள்ளங்கையெல்லாம் அந்த வாடைதான்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள். சைக்கிளை விரித்து, மடிப்புப் பூட்டுகளை இறுக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினீர்கள். பிறகு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சைக்கிள் மட்டும் புறப்படத் தயாராக நின்றதாம். அந்தக் கை வலி கை வலியே இல்லை, நெஞ்சு வலி என்று டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். யாருக்கு வேண்டும் அந்த விளக்கம்?

கருமாதியன்று உங்கள் செருப்பு, குடை, பாய் எல்லாவற்றையும் கொடுக்க எடுத்து வைத்தார்கள். அத்தை இந்தச் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்து அந்த வரிசையில் நிறுத்தினார். “என் புள்ளய முழுங்குன சனியன். போய்த் தொலையட்டும்” என்று அழுதார். நான் எழுந்து போய் அதை மடித்து, உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினேன். புருஷன் ஞாபகமாக வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்து எல்லோரும் அழுதார்கள். ஞாபகமும் இல்லை, ஒன்றும் இல்லை. யார் மேலாவது எனக்குக் கோபப்பட வேண்டியிருந்தது. நீங்கள் இல்லை. அது இருந்தது.

பிறகு கருணை அடிப்படையில் உங்கள் கிளார்க் வேலையையே எனக்குக் கொடுத்தார்கள். அதே பள்ளிக்கூடம், அதே ஷேர் ஆட்டோ, அதே தாமதம். வேறு வழியில்லாமல் அதைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன். சீட்டை இறக்கி, காற்றடித்து, நம் தெருவிலேயே இரண்டு நாள் ஓட்டிப் பழகினேன். அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போதும் நான் கிளம்பும்போது வாசலுக்கு வரமாட்டார். சாயங்காலம் சைக்கிள் மணி அடித்தால் மட்டும் முதலில் எட்டிப் பார்ப்பது அவர்தான்.

டீக்கடையைத் தாண்டும் வரை அந்தப் பக்கம் திரும்பாமல் வேகமாக மிதிப்பேன். அதைத் தாண்டியதும் ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் கொஞ்ச தூரம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது.

போன மாதம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது தோள் பிடித்துக்கொண்டது. சும்மா அமுக்கிவிட்டுக்கொண்டேன். உள்ளே படித்துக்கொண்டிருந்த பெண் புத்தகத்தைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். இப்போது அவள் என் உயரம்.

“எம்மா, எந்தக் கை?”

“ஒண்ணும் இல்லடி. சைக்கிள் தூக்கினது...”

சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. அன்று சாயங்காலமே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஈசிஜி எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான் என்றார்கள். அவள் அந்தக் காகிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

மறுநாளிலிருந்து சைக்கிளை வலது கையில்தான் தூக்குகிறேன். பழக்கமில்லாத கையால் பஸ் கம்பியைப் பிடித்துத் தடுமாறித்தான் ஏறுகிறேன். “கை மாத்திப் புடியேன்கா” என்கிறார் கண்டக்டர். இடது கைக்கு நான் எந்தச் சுமையும் கொடுப்பதில்லை. அது வலித்தால், காரணம் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கக் கூடாது.