லாரியில் வரும் வெள்ளாடு

என் கணவருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். இன்றைக்கு அதற்கு மனசு வரவில்லை.

பந்தயத்துக்குக் கூட்டிப்போன குதிரை மூன்று நாளாகக் கொள்ளுத் தீனியைத் தொடவில்லை, லாயத்துச் சுவரை உதைத்துக்கொண்டே இருக்கிறது என்று போன் செய்தீர்கள். “நீ தீனியில என்னத்தக் கலந்த?” என்று என்னையே கேட்டீர்கள். வாய் கூசவில்லையா?

குட்டியிலிருந்து அது நம் வெள்ளாட்டின் பக்கத்தில்தான் படுத்து எழுந்தது. குதிரையோடு லாரியில் ஆட்டையும் ஏற்றுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். “முதலாளிங்க முன்னால ஆட்டப் புடிச்சிக்கிட்டு நின்னா சிரிக்க மாட்டாங்களா?” என்றீர்கள். பெரிய பயிற்சியாளர்! இப்போது மட்டும் சிரிக்காமல் இருக்கிறார்களா?

இங்கே தெருவில் எந்த லாரி வந்தாலும் ஆடு வாசலுக்கு ஓடுகிறது.

மாதக்கணக்கில் நீங்கள் வீட்டுக்கு வராவிட்டாலும் நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் இல்லையா, அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டீர்கள். குதிரைக்கு அப்படி நடிக்கத் தெரியாது.

லாரி டிரைவரிடம் ஆட்டையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன். கூட ஏறி வரலாமா என்று நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன். வேண்டாம். வீட்டில் நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. என்னைக் காணோமென்றால் அவையாவது தேடும்.

உங்கள் மனைவி