படகுக்காரன் இறந்த பக்கத்தில் நிறுத்த முடியவில்லை

மயிலாப்பூர்
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி சாய்சரணுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். கபாலி புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் அந்த ஹாலிஃபாக்ஸ் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குளத்தைச் சுற்றி நடக்கச் சொன்னால் பாதியிலேயே யாரையாவது பிடித்துக்கொண்டு பேச உட்கார்ந்துவிடுகிறார். உன் சிநேகிதன் மனைவி ஸ்நேஹா செவ்வாய்க்கிழமை அங்கே கிளம்புகிறாளாம், பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டிக் கொடுக்கிறேன், இந்தக் கடிதத்தையும் அதோடு வைக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் பாகத்தில் இன்னும் எண்பது பக்கம் இருக்கிறது என்றேனே, ஒரு பக்கம்கூட இல்லை. ஐப்பசிக் கடைசியிலேயே முடித்துவிட்டேன்.

நீ உன் அறையில் விட்டுப்போன அந்த ஏழு தடிப் புத்தகங்களையும் நான் எப்படிப் படித்தேன் என்று உனக்குத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, மத்தியானம் கைகால் அலம்பிவிட்டு, பாராயணம் மாதிரி தினம் ஒரு அத்தியாயம். அந்த ராஜ்ஜியத்தில் யார் யாருக்கு என்ன உறவு, யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று நோட்டில் பட்டியலே போட்டேன். ஆனால் சுந்தர காண்டம் வாசிக்கிற பழக்கம் என்னை விடவில்லை. அசுபமான இடத்தில் அன்றைய பாராயணத்தை நிறுத்தக் கூடாது, நல்லது ஒன்று வருகிறவரை வாசிக்க வேண்டும் அல்லவா. உனக்குப் பிடித்த அந்தப் படகுக்காரன் ராணியை அக்கரையில் இறக்கிவிட்டு ஆற்றோடு போன இடம் வந்தது. அங்கே எப்படிடா புத்தகத்தை மூடுவேன். அடுத்த அத்தியாயத்தைப் பார்த்தால் கோட்டை எரிகிறது. அதற்கடுத்ததில் ராணியின் தங்கைக்குக் கண் போகிறது. விளக்கேற்றக்கூட நேரம் தப்பிவிட்டது. அப்பா வந்து நின்று, காப்பி கெடைக்குமா, இல்ல நானும் அந்த ஆத்தோட போயிடட்டுமா என்று கேட்டார். மறுநாளும் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு வாசித்தேன். எழுதின மகானுபாவர் நல்லதையெல்லாம் கடைசிப் பக்கத்துக்கென்று ஒளித்து வைத்திருக்கிறார். ராணி அங்கேதான் ஒரு தரம் சிரித்தாள், அதற்குள் புத்தகமே தீர்ந்துவிட்டது. பட்டாபிஷேகம் ஆயிற்றே என்று பாயசம் வைத்து நைவேத்தியம் செய்தேன். அப்பா காலண்டரைப் பார்த்துவிட்டு, இன்னிக்கு ஒண்ணும் போடலையேடி என்று சொல்லிக்கொண்டே இரண்டு தம்ளர் குடித்தார்.

எனக்குத்தான் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் என்ன பேசுவேன் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எதையும் எழுதி வைக்கிறவள் நான், நீ பேசுகிற நிமிஷங்களையும் எழுதியிருக்கிறேன். சித்திரையில் முதல் பாகம் எடுப்பதற்கு முன்னால் ஏழு நிமிஷம், ஆறு நிமிஷம். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, குளிரா, வைக்கட்டுமா. அதற்கப்புறம் நாற்பது, ஐம்பத்திரண்டு. தங்கைக்காரி துரோகம் பண்ணின வாரம் ஒரு மணிக்கும் மேலே, நீதான் அவளுக்கு வக்கீல். இந்த வீட்டில் இருந்தபோதுகூட என்னோடு நீ அவ்வளவு பேசினதில்லை. முடிந்துவிட்டது என்று சொன்னால் மறுபடி ஆறு நிமிஷத்துக்குப் போய்விடுவோமோ என்று பயந்துதான் பக்கம் மீதி இருப்பதாகச் சொன்னேன்.

போன வாரம் லஸ் பக்கம் புத்தகக் கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கிற மஹ்விஷ், இன்னா ஆன்ட்டி, ஏழும் முடிச்சிட்டீங்களா, நான் மூணாவதுலயே தூங்கிட்டேன் என்றாள். பதினாலு பாகம் டிராகன் கதை ஒன்றைக் காட்டி, இத எடுத்தீங்கன்னா பேரன் காலேஜ் போற வரைக்கும் வரும் என்றாள். முதலில் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகட்டும் என்றேன். அப்புறம் கடலுக்கு அடியில் நகரம் கட்டுகிற கதை ஒன்று, இரண்டு பாகம் வந்திருக்கிறது. அதை நான் தொட்டதும், அது வோணாம் ஆன்ட்டி, மூணாவது இன்னும் எழுதிக்கினே கீறாரு, எப்போ வருமோ என்று தடுத்தாள். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. நீயும் படித்ததில்லை என்று நினைக்கிறேன், முடிவு இங்கே யாருக்கும் தெரியாது, நான் எவ்வளவு ஓடினாலும் முடிக்க முடியாது. முதல் பாகம் இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று பொட்டலத்தில் பருப்புப் பொடிக்குக் கீழே இருக்கிறது.

எந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கலாம் என்று நீ சொல், அதுவரை என் பிரதியைப் பிரிக்க மாட்டேன். வேலை அதிகம், முடியாது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல், மனசு கஷ்டப்பட மாட்டேன். அம்மாவுக்காகப் படிக்காததைப் படித்தேன் என்று மட்டும் சொல்லாதே. படித்ததைப் படிக்கவில்லை என்று நானும் இனிமேல் சொல்ல மாட்டேன்.

கற்பகாம்பாள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், தீர்க்காயுசாக இரு. காதை மூடாமல் வெளியே போகாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
வைதேகி