பயில்வான் என்று அழைத்தோம்

இன்று காலை செருப்புக் கடையில் பக்கத்தில் நின்றவர் பதினொன்றாம் நம்பர் ஷூ கேட்டார். சட்டென்று உன் பாதம் நினைவுக்கு வந்தது. வாங்கப் போனதை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் நாம் ஒன்றாகச் சேர்ந்தபோது நீ எட்டாம் நம்பர்தான் போட்டாய். ஐந்தாறு வருடத்தில் பாதம் நீண்டது, தாடை முன்தள்ளியது, விரல்கள் தடித்தன. எல்லோரும் உன்னைப் 'பயில்வான்' என்றோம். நீயும் சிரித்தாய்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒருவர் கையை ஒருவர் மடக்கிப் பலம் பார்த்தோம். ஒல்லிப்பிச்சானான நான் ஜெயித்தேன். எனக்குக் கோபம் வந்தது.

"பாவம் பாத்து விட்டுக் குடுத்தியா?"

"இல்லடா, நெஜமாவே முடியல. மாடி ஏறினாலே தொடை நடுங்குது."

நான் நம்பவில்லை. அடுத்த மாதம் இரும்புத் துண்டு ஒன்று உன் கையிலிருந்து நழுவி என் காலருகே விழுந்தது. சூப்பர்வைசர் என்னை விசாரித்தார். "நடிக்கறான் சார். இவ்ளோ பெரிய உடம்புக்கு என்ன கேடு?" என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். மறுநாளே உன்னை மெஷினிலிருந்து எடுத்துப் பட்டறையைக் கூட்டும் வேலையில் போட்டார்கள்.

தலைவலி தாங்காமல் நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது துணைக்கு வந்தவனும் நான்தான். உன் கையைப் பார்த்ததுமே டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க உன் பழைய போட்டோ கேட்டார். ஸ்கேன் எடுத்தபின் சொன்னார்: மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. "சதை பருத்திருக்கு, ஆனா அதுல பலம் இல்ல. இவரு இத்தன நாள் எப்படித்தான் வேல செஞ்சாரோ!"

நீ என் பக்கம் திரும்பி, "கேட்டியாடா?" என்றாய். கோபமே இல்லை, நிம்மதியாகத்தான் கேட்டாய்.

மூக்கு வழியாகக் கட்டியை எடுத்தார்கள். மெல்லத் தெம்பு திரும்பியது. ஸ்ரீராம்புரம் வீட்டு மாடிக்குக் கம்பியைப் பிடிக்காமல் ஏறிக் காட்டினாய். ஆனாலும் பட்டறையில் உனக்குத் துடைப்பம்தான். "நான் சொன்னது தப்பு சார், அவனை மெஷினுக்கு விடுங்க" என்று சொல்ல சூப்பர்வைசர் அறை வாசல்வரை எத்தனையோ முறை போனேன். உள்ளே போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே திரும்பினேன். நோய் உன் இதயத்தையும் ஏற்கெனவே பருக்க வைத்திருந்தது. மூன்றாம் வருடம் அது நின்றுபோனது.

இப்போது அந்த அறையில் சூப்பர்வைசர் நான். யாராவது வாசலில் நின்று "உடம்பு சரியில்ல சார்" என்றால் உடனே எழுந்துவிடுகிறேன். உட்கார்ந்தபடி அதைக் கேட்க என்னால் முடிவதில்லை.